சமநிலையும் இசைவும்: முடிவுறு மூலக முறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொறியியல் படிக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் வீட்டுப் படம் கீறுபவர்கள், கொந்தராத்துக்காரர்கள், ஒன்றிரண்டு மேசன் பாஸ்மார். பாடம் முடிவுறு மூலக முறை: கட்டமைப்பை மூலகங்கள் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, அவற்றைக் கணுக்கள் என்ற புள்ளிகளில் இணைத்து, பெரும்பாலும் கணினியில் கணிக்கும் வழி. வருடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கரும்பலகையில் எழுதி எழுதி அழிப்பதை விட ஒருதரம் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

சொற்களைப் பற்றி ஒன்று. நம் பாடசாலைப் புத்தகச் சொற்களையே வைத்திருக்கிறேன்: தகைப்பு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை), விகாரம் (ஓர் அலகு நீளத்துக்கு எவ்வளவு நீண்டது அல்லது சுருங்கியது), மறுதாக்கம் (தாங்கி திருப்பித் தரும் விசை), திருப்பம் (விசையின் சுழற்றும் வலு). தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படிப்பவர்கள் தகைவு, திரிபு, எதிர்வினை, திருப்புத்திறன் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

சமநிலை, இசைவு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. சமநிலை என்பது விசைகளைப் பற்றிய பேச்சு. கட்டமைப்பில் எந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பார்த்தாலும் அதன் மேல் உள்ள விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியம், திருப்பங்களின் கூட்டுத்தொகையும் பூச்சியம். இசைவு என்பது அசைவைப் பற்றியது. பாரம் ஏறி உருமாறிய பிறகும் பொருள் ஒரே பொருளாக இருக்க வேண்டும்: நடுவில் பிளக்கக் கூடாது, ஒரு துண்டு மற்றதுக்குள் புகக் கூடாது, தாங்கி அசையாது என்று நாம் சொன்ன இடம் அசையக் கூடாது.

இந்த இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. நடுவில் நின்று பேச்சு நடத்துவது பொருளின் குணம், அதாவது இவ்வளவு தகைப்புக்கு இவ்வளவு விகாரம் என்ற விதி. கொங்கிரீட்டா, உருக்கா, கருங்கல்லா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. சமநிலைச் சமன்பாட்டில் தேடிப் பார்த்தாலும் பொருளின் பெயர் இருக்காது.

உயர்தர இணைந்த கணிதத்தில் சட்டப்படல் (கோல்களை மூட்டிய சட்டகம்) கணக்கு எத்தனையோ செய்தோம். இசைவு என்ற சொல்லே வரவில்லையே?

வந்திருக்காது. போவின் குறியீடு (விசைகளை வரைந்து காண்பதற்கான எழுத்து முறை) போட்டுக் கீறிய அந்தச் சட்டப்படல்கள் எல்லாம் சமநிலை மட்டுமே போதும்படி பொறுக்கிக் கொடுக்கப்பட்டவை. தெரியாத விசைகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள். அதே படத்தில் ஒரு கோலைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள், கணக்கு நின்றுவிடும்.

ஏன் என்று புரிய ஒரு காட்சி. நீளமான மரக்கட்டை ஒன்றை இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள். யார் தோளில் எவ்வளவு பாரம் என்று யாரும் சொல்லிவிடலாம். மூன்றாவது ஆள் நடுவில் வந்து தோள் கொடுக்கிறார். இப்போது? அவர் குட்டையானவர் என்றால் சும்மா கூட நடக்கிறார். நெட்டையானவர் என்றால் பெரும்பாரம் அவர் தலையில். படிக்கட்டில் ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு படிக்கும் பாரம் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். சமநிலையைக் கேட்டால், மூன்று பேரும் சேர்ந்து கட்டையின் நிறையைத் தாங்குகிறார்கள், முன்னும் பின்னும் சரிந்துவிடவில்லை என்று சொல்லும், அவ்வளவுதான். பங்கு பிரிப்பது தோள்களின் உயரம். அதுதான் இசைவு.

சின்னக் கணக்காக ஒன்று காட்ட முடியுமா?

3 மீற்றர் நீளமான கம்பி, இரண்டு முனையும் அசையாத சுவர்களில் இறுக்கியிருக்கிறது. இடது முனையிலிருந்து 1 மீற்றர் தள்ளி, கம்பியின் நீளப் போக்கில் வலப்பக்கமாக 30 கிலோநியூற்றன் விசை. ஒவ்வொரு சுவரும் எவ்வளவு தாங்கும்?

வகுப்பில் முதல் பதில் எப்போதும் “ஆளுக்குப் பாதி சேர், 15, 15” என்றுதான் வரும். சமநிலைக்கு இதில் முழுச் சம்மதம். 15உம் 15உம் 30தானே. ஆனால் அசைவைப் பாருங்கள். இடது துண்டு 1 மீற்றர், 15 விசைக்கு 15 பங்கு நீளும். வலது துண்டு 2 மீற்றர், அதே விசைக்கு 30 பங்கு சுருங்கும். விசை இழுக்கும் புள்ளி ஒன்றுதான், அது 15 பங்கும் 30 பங்கும் ஒரே நேரத்தில் எப்படி நகரும்? கம்பி அறுந்தால்தான் நடக்கும். 20, 10 என்று பிரித்துப் பாருங்கள்: 20 × 1, 10 × 2, இரண்டும் 20. பொருந்திவிட்டது.

முடிவுறு மூலக முறை இதையே பின்பக்கமாகச் செய்கிறது. விசையை ஊகிப்பதில்லை. அந்தப் புள்ளிக்கு, அதாவது கணுவுக்கு, ஒரே ஓர் இடப்பெயர்ச்சி என்று முதலிலேயே எழுதிவிடுகிறது. அந்த ஒரு வரியிலேயே இசைவு முடிந்துவிட்டது. பிறகு அந்தக் கணுவில் சமநிலையை எழுதுகிறது. இடது துண்டின் விறைப்பும் (ஓர் அலகு நகர்த்தத் தேவையான விசை) வலது துண்டின் விறைப்பும் கூட்டப்பட்டு, ஒரே இடப்பெயர்ச்சியோடு பெருக்கப்பட்டு, 30க்குச் சமம். ஆயிரம் கணு வந்தாலும் இதேதான், எழுதுவதற்குப் பெரிய தாயம், அதாவது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய பெட்டி, வேண்டும்.

அப்படியானால் மென்பொருள் தரும் விடையில் இரண்டுமே முழுதாக நிறைவேறியிருக்கும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. இல்லை. இசைவை அது முழுதாகக் கொடுக்கும், நீங்கள் கெடுக்காதவரை. சமநிலையைக் கணுக்களிலும், ஒவ்வொரு மூலகத்தையும் மொத்தமாக எடுத்தால் அந்த மொத்தத்திலும் மட்டும் கொடுக்கும். மூலகத்துக்கு உள்ளேயும், இரண்டு மூலகங்கள் தொடும் ஓரத்திலும் சமநிலை அரைகுறைதான்.

எண்ணில் காட்டுகிறேன். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை ரயிலிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு கல் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுகள் கணக்குக்காக நான் எடுத்தவை, பாலத்தின் அளவுகள் அல்ல: உயரம் 20 மீற்றர், குறுக்குவெட்டு 1 சதுர மீற்றர், ஒரு கன மீற்றர் கல்லின் நிறை 22 கிலோநியூற்றன். வேறு பாரம் இல்லை, தன் நிறை மட்டும். அடியில் உண்மையான தகைப்பு 20 × 22, அதாவது சதுர மீற்றருக்கு 440 கிலோநியூற்றன். உச்சியில் பூச்சியம். நடுவில் 220.

இப்போது இதை இரண்டே மூலகமாக, தலா 10 மீற்றராக, பிரிக்கிறோம். ஒவ்வொரு மூலகத்தின் நிறையும் 220. அதில் பாதி மேல் கணுவுக்கு, பாதி கீழ்க் கணுவுக்கு. ஆக உச்சிக் கணுவில் 110, நடுக் கணுவில் 220, அடிக் கணுவில் 110. எளிய மூலகத்தில் இடப்பெயர்ச்சி நேர்கோட்டில் மாறும். ஆகவே தகைப்பு மூலகம் முழுதும் ஒரே எண். மேல் மூலகம் 110 என்று சொல்லும். கீழ் மூலகம் 330 என்று சொல்லும்.

இதை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். நடுக் கணுவுக்கு மேலே 110, கீழே 330. ஒரே இடத்தில் இரண்டு தகைப்பு. இடையில் உள்ள 220 எங்கே போனது? கணுவில் வைத்த பாரமே 220, ஆகவே கணுவில் சமநிலை கச்சிதம். ஆனால் மூலகத்துக்குள் 10 மீற்றர் கல்லும் நிறையே இல்லாததுபோல ஒரே தகைப்போடு நிற்கிறது. கல்லின் நிறை வழியெங்கும் பரவாமல் மூன்று இடத்தில் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் 440 இருக்க வேண்டிய இடத்தில் 330, கால் பங்கு குறைவு.

இடப்பெயர்ச்சி? இந்த ஒற்றைப் பரிமாணக் கணக்கில் கணுக்களின் இடப்பெயர்ச்சி மிகச் சரியாகவே வரும். அதுதான் ஏமாற்றுகிறது. இரு பரிமாணத்துக்கும் முப்பரிமாணத்துக்கும் போனால் அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

மறுதாக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், பாரத்தோடு சரியாகப் பொருந்துகிறது. மாதிரி சரிதானே?

மேலே உள்ள தூணில் மறுதாக்கம் எவ்வளவு? கீழ் மூலகத்திலிருந்து 330, அடிக் கணுவில் நேரே வைத்த 110, கூட்டினால் 440. துல்லியம். தகைப்பு கால் பங்கு பிழை, மறுதாக்கம் நூற்றுக்கு நூறு. இதுதான் பதில்.

வலை, அதாவது மூலகங்களாகப் பிரித்த பிரிப்பு, எவ்வளவு முரடாக இருந்தாலும் கூட்டல் பொருந்தும், ஏனென்றால் கணுவில் சமநிலை என்பது முறையிலேயே தைத்திருக்கிறது. சரி, அதற்காகக் கூட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். தன் நிறையைச் சேர்க்க மறந்தது, நியூற்றனும் கிலோநியூற்றனும் குழம்பியது, ஒரு மாடியின் பாரத்தை விட்டது எல்லாம் அதில்தான் பிடிபடும். அது உங்கள் தரவைச் சோதிக்கிறது, வலையைச் சோதிப்பதில்லை.

வலையைச் சோதிக்க வேறு வழிகள் இருக்கின்றன. வண்ணப் படத்தில் தகைப்பைச் சராசரியாக்கும் தெரிவை முதலில் நிறுத்துங்கள். அயல் மூலகங்களுக்கு இடையே நிறம் எங்கே துள்ளுகிறதோ அங்கே வலை போதாது. சராசரி எடுத்தால் படம் அழகாகிவிடும், நம் தூணின் நடுவில் 110க்கும் 330க்கும் சராசரி 220 என்று சரியான விடைகூட வந்துவிடும். ஆனால் அடியில் சராசரி எடுக்க அடுத்த மூலகம் இல்லை. 330 அப்படியே நிற்கும். எங்கே பயம் அதிகமோ அங்கே சராசரி உதவாது. இன்னொன்று, பாரம் இல்லாத வெளிப்பரப்பில் அந்தப் பரப்புக்குச் செங்குத்தான தகைப்பு பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறதா என்று பாருங்கள். வெட்டுமுகத்தின் மொத்த விசை வேண்டுமென்றால் தகைப்பைத் தொகையிடாதீர்கள், கணு விசைகளைக் கூட்டுங்கள். அவைதான் சமநிலைக்குக் கட்டுப்பட்டவை.

இதனால் நிஜமாகவே ஏதாவது இடிந்திருக்கிறதா, அல்லது வகுப்பறைப் பயமா?

1991 ஓகஸ்ட் 23. நோர்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் பிரமாண்டமான கொங்கிரீட் அடித்தளம் கடல் குடாவில் சோதனைக்காகத் தாழ்த்தப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே உள்ள கலங்கள், அதாவது கொங்கிரீட் அறைகள், சேரும் இடத்தில் ஒரு சுவர் வெடித்துப் பிளந்தது, முழு அடித்தளமும் மூழ்கியது. பிறகு நடந்த விசாரணையில் வந்த காரணங்களில் முக்கியமானது முடிவுறு மூலகக் கணக்கு. அந்தச் சந்திப்பில் மூலகங்கள் பெரியவை, கோணலானவை. வெட்டுத் தகைப்பு (ஒரு முகத்தை அடுத்ததன் மேல் வழுக்கப் பார்க்கும் தகைப்பு) ஏறக்குறைய 47 வீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அதை நம்பி வைத்த கம்பியும் போதவில்லை. இழப்பு சுமார் 70 கோடி டொலர் என்று சொல்லப்பட்டது. கல் தூணின் அடியில் நாம் கண்ட அதே நோய்தான், உடம்பு மட்டும் பெரிது.

வலையை நுணுக்கினால் தொய்வு கூடிக்கொண்டே போகிறது. ஏன்?

நுணுக்க நுணுக்க மாதிரி இளகுகிறது என்பதால். மூலகம் நாம் அனுமதித்த வடிவங்களில் மட்டுமே வளைய முடியும். உண்மையான பீமுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கட்டிப்போட்ட ஆள் விறைப்பாகத்தானே நிற்பார். கணிதமாகச் சொன்னால், இசைவான இடப்பெயர்ச்சிகளுக்குள் மொத்த நிலைச் சக்தி மிகக் குறைந்ததைத் தேடுகிறோம், ஆனால் தேடும் காடு சிறியது. அதனால் விசையே பாரமாக உள்ள கணக்கில் சேமிக்கப்படும் விகாரச் சக்தி உண்மையை விடக் குறைவாகவே வரும்.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாரம் விசையாக இல்லாமல், தாங்கி இறங்குவதாக இருந்தால் அதே விறைப்பு விசையைக் கூட்டிக் காட்டும். நாலு கணு மூலகங்களை ஒரே வரிசையாக அடுக்கி மெலிந்த பீமை வரைந்தால் இந்த விறைப்பு கேலிக்கூத்தாகிவிடும், தொய்வு உண்மையின் சிறு பின்னமாக வரும். குறைத்த தொகையீடு உள்ள மூலகங்களில் (விறைப்பைக் குறைவான புள்ளிகளில் மட்டும் கணித்துக் கூட்டுபவை) இந்த “எப்போதும் விறைப்பு” என்ற உத்தரவாதம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் போகலாம். சமநிலையை முழுதாக வைத்துக்கொண்டு இசைவைத் தளர்த்தும் மூலகங்களும் உண்டு. அறுபதுகளில் பெல்ஜியத்தில் ஃப்ரேஸ் டி வோபெக் இரண்டு வகையையும் பக்கம் பக்கமாக வைத்து, உண்மை நடுவில் மாட்டிக்கொள்வதைக் காட்டினார். அழகான வேலை, ஆனால் நாம் வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் இடப்பெயர்ச்சி வகைதான்.

இசைவை நாங்களே கெடுப்பது எப்படி?

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நுவரெலியாப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. கொங்கிரீட் சுவரைத் தளத் தகைப்பு மூலகங்களால் வரைந்தேன். அந்த மூலகத்தின் கணுவுக்கு இரண்டு நகர்வு மட்டும் தெரியும், சுழற்சி தெரியாது. அதன் ஒரு கணுவில் பீமின் முனையைக் கொண்டுபோய் ஒட்டினேன். பீமின் முனைக்குச் சுழற்சி உண்டு, சுவரில் அதைப் பிடிக்க ஆள் இல்லை. விடை வந்தது, மறுதாக்கம் பொருந்தியது, நானும் சந்தோஷமாகக் கம்பிப் படம் கீறிவிட்டேன். சுவர்ப்பக்கம் மேல் கம்பி பெயருக்கு இரண்டு.

மூத்த பொறியியலாளர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, இந்தப் பீமைச் சுவரில் பிணைச்சல் போட்டா மாட்டியிருக்கிறாய்?” கொங்கிரீட் போடுவதற்கு முன் பிடிபட்டதால் தப்பினேன். பரிகாரம் எளிது. பீமைச் சுவருக்குள் ஒரு மூலக நீளத்துக்கு நுழைத்து இரண்டு கணுவில் பிடிக்க விட வேண்டும், அல்லது சுழற்சி தெரிந்த ஓட்டு மூலகத்தைப் (மெல்லிய ஓடுபோன்ற பரப்புக்கான மூலகம்) பொருத்தமாகப் பாவிக்க வேண்டும்.

அடுத்த வழக்கமான தவறு, பெரிய மூலகத்தின் பக்கத்தில் இரண்டு சின்ன மூலகங்களை வைத்து நடுக் கணுவை அந்தரத்தில் விடுவது. கொழுந்துச் சாக்கில் ஒரு தையல் விட்டுப்போனால் பாரம் ஏறியதும் அந்த இடம் வாய் பிளக்குமே, அப்படித்தான். உருமாறிய படத்தை நூறு மடங்கு பெருப்பித்துப் பாருங்கள், பிளவு கண்ணுக்கே தெரியும்.

இசையாத மூலகங்கள் என்று வேண்டுமென்றே செய்கிறார்களாமே?

ஆம். ஓரத்தில் சிறு பிளவை அனுமதித்து வளைவை நன்றாகக் காட்டுவார்கள். அனுமதிக்கு ஒரு சோதனை உண்டு. புரூஸ் அயன்ஸ் 1965இல் கொண்டுவந்த ஒட்டுச் சோதனை: கோணல்மாணலான மூலகங்களின் சிறு ஒட்டுக்கு மாறாத விகாரத்தைக் கொடுத்தால், எல்லா மூலகமும் அதே விகாரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் பாவிக்கலாம்.

வீட்டின் முன்பாதி வெட்டிய மண்ணில், பின்பாதி நிரப்பிய மண்ணில். பீமில் என்ன நடக்கும்?

மலையகத்தில் வீடு கட்டும் பாதிப் பேருக்கு இதுதான் நிலை. 4 மீற்றர் பீம், 230 க்கு 300 மில்லிமீற்றர், யங்கின் மட்டு (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 25 கிகாபஸ்கால், முனைகள் திரும்பாமல் இறுகப் பிடிக்கப்பட்டவை என்று எடுப்போம். மீற்றருக்கு 15 கிலோநியூற்றன் பாரத்துக்கு இரண்டு முனையிலும் மேல்பக்க இழுவையாக 20 கிலோநியூற்றன் மீற்றர் திருப்பம். நிரப்பிய பக்கம் 10 மில்லிமீற்றர் இறங்குகிறது. வெறும் 10. இசைவுக்காகப் பீம் வளைந்தாக வேண்டும். அதற்கான திருப்பம், ஆறு தரம் வளைவு விறைப்பு (பீம் வளைய மறுக்கும் அளவு), அதைப் பெருக்கல் இறக்கம், பிரித்தல் நீளத்தின் வர்க்கம்: ஏறக்குறைய 48.5 கிலோநியூற்றன் மீற்றர்.

ஆக உறுதியான பக்கத்தில் மேல் இழுவை 68.5 ஆகிறது. இறங்கிய பக்கத்தில் திசையே மாறி, கீழ்ப்பக்கத்தில் 28.5 இழுவை. வழக்கமான படத்தில் தாங்கிக்குப் பக்கத்தில் கீழ்க் கம்பியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வெடிப்பு அங்கே கீழிருந்து மேலாகப் போவதைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கொங்கிரீட் வெடித்து விறைப்பு குறைவதால் நிஜத்தில் எண்கள் இறங்கும் என்பதும் உண்மை.

“அப்போ பீமைப் பெரிதாக்குவோம்” என்பார்கள். 300ஐ 450 ஆக்கினால் விறைப்பு 3.375 மடங்கு, திருப்பம் 164க்குக் கிட்ட. பாரத்துக்கு எதிராகப் பெரிதாக்குவது நல்லது. இசைவுக்கு எதிராகப் பெரிதாக்குவது வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுவது. அத்திவாரத்தைப் படிபோல இறக்கி இரண்டு பக்கத்தையும் இறுகிய மண்ணில் நிறுத்துங்கள், மாதிரியிலும் தாங்கி இறக்கத்தைத் தனிப் பாரமாகக் கொடுத்துப் பாருங்கள்.

பழைய லயத்தோடு (தோட்டத்து வரிசை வீட்டோடு) ஒரு அறை ஒட்டிக் கட்டினோம். ஒட்டிய இடத்தில் நேர்கோடாக வெடிப்பு. பூசினாலும் வருகிறதே?

வரும். தடித்த கல் சுவரோடு பழைய லயம் தன் மண்ணில் எப்போதோ அமர்ந்துவிட்டது. இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணைப் பக்கமாக எழுப்பிய புளொக் கல் அறை இப்போதுதான் அமர்கிறது. இரண்டும் ஒரே அளவு இறங்க மறுக்கின்றன. சிலர் பழைய சுவரில் கம்பி அடித்து இறுக்கிக் கட்டுவார்கள். வெடிப்பு அங்கே வராது, கதவு நிலைக்கு மேலே வரும்.

சேர்ந்து அசைய முடியாததைப் பிரித்து விடுவதுதான் வழி. இடையில் ஓர் அங்குல ரிஜிபோம் (மெதுவான நுரைப் பலகை), மேலே மழை இறங்காமல் மடித்த தகரம். மாதிரியில் அந்தக் கோட்டில் ஒரே இடத்துக்கு இரண்டு கணுக்கள் வையுங்கள். மென்பொருளில் கிட்ட உள்ள கணுக்களை ஒன்றாக்கும் கட்டளையை அழுத்திவிட்டால் நீங்கள் பிரித்ததை அது மறுபடி தைத்துவிடும், கவனம்.

வெப்பநிலைக்கும் இது பொருந்துமா?

அதேதான். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி, பகலில் நல்ல வெயில். 20 பாகை மாற்றத்தில் இரண்டு முனையும் இறுகிய உருக்குக் கோலில் ஏறக்குறைய 48 மெகாபஸ்கால் தகைப்பு, நீளம் எதுவானாலும். வெளிப் பாரம் பூச்சியம்.

கணினி வருவதற்கு முன் விக்டோரியா போன்ற வளைவு அணைகளை எப்படிக் கணித்தார்கள்?

மகாவலியில் 1985இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா 122 மீற்றர் உயரம், இரண்டு திசையிலும் வளைந்த மெல்லிய அணை. அது கட்டப்பட்ட காலத்தில் கணினி வந்துவிட்டது. அந்த இனத்து அணைகளுக்கு அமெரிக்காவில் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஒரு முறை வளர்ந்தது. அணையைக் கிடையான வளைவுகளாகவும் நிமிர்ந்த தூண்களாகவும் கற்பனையில் வெட்டுவார்கள். நீரின் தள்ளலை இரண்டுக்கும் ஊகமாகப் பங்கிடுவார்கள். வெட்டும் புள்ளியில் வளைவு எவ்வளவு நகர்கிறது, தூண் எவ்வளவு நகர்கிறது? ஒத்துவரவில்லையா, பங்கை மாற்றி மறுபடி. மரக்கட்டை தூக்கும் மூன்று பேர் கதைதான், தோள்கள் நூற்றுக்கணக்கில்.

1956இல் விமானச் சிறகுக்காக வந்த ஒரு கட்டுரையில் ரே கிளஃபும் கூட்டாளிகளும் மூலகங்களை நேரடியாகச் சேர்க்கும் வழியைக் காட்டினார்கள். “முடிவுறு மூலகம்” என்று 1960இல் பெயர் வைத்தவரும் கிளஃப்தான். சிவில் பக்கம் அதன் முதல் பெரிய வேலைகளில் ஒன்று வெடிப்பு விழுந்த ஓர் அணை என்பது நமக்குப் பொருத்தமான செய்தி.

ஒன்பது வளைவுப் பாலத்தையே இந்த முறையில் கணிக்கலாமா?

கணிக்கலாம், ஆனால் நேர்கோட்டு மீள்தன்மைக் கணக்காக (பாரத்துக்கு நேர்விகிதத்தில் அசையும், எடுத்தால் பழையபடி திரும்பும் என்று எடுத்து) செய்தால் விடையை நம்பாதீர்கள். 1921இல் முடிந்த பாலம், 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், உருக்குக் கம்பி இல்லாத கல்லும் செங்கல்லும் சீமெந்தும். போருக்கு இரும்பு போய்விட்டதால் கல்லில் கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு, கதை எப்படியோ. அந்தக் கட்டு இழுவையைத் தாங்காது, சற்று விலகி வெடித்துக்கொள்ளும். அத்திவாரம் மயிரிழை அசைந்தாலும் மீள்தன்மை விடை தலைகீழாகும். பாலம் அதைக் கண்டுகொள்ளாது.

ஆகவே இங்கே மட்டும் நான் இசைவைக் கீழே வைத்துவிட்டுச் சமநிலையைப் பிடிப்பேன். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு என்று 1675இல் ரொபட் ஹூக் சொன்னதைத்தான், கல் வழுக்காது, நொறுங்காது, இழுவை தாங்காது என்ற நிபந்தனைகளோடு ஜாக்ஸ் ஹேமன் 1966இல் ஒழுங்காக எழுதினார். பாரத்தோடு சமநிலையில் உள்ள ஓர் உந்தல் கோடு, அதாவது கல்லுக்குக் கல் விசை கடந்துபோகும் பாதை, கல்லின் தடிப்புக்குள் முழுதாக அடங்கினால் வளைவு நிற்கும். அந்தக் கோடுதான் உண்மையானது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒன்று கிடைத்தால் போதும்.

இந்தக் கணக்கு, மலை நிற்குமா என்று சொல்லுமா?

சொல்லாது. சட்டகம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரிவு தனிக் கேள்வி. அங்கே மண்ணின் நீர், உராய்வு, வழுக்கு எல்லாம் வரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் போனது. அங்கே பீமின் கம்பியைக் கணக்குப் பார்த்து யாருக்கும் பயனில்லை. கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேளுங்கள்.

மென்பொருள் இல்லாமல் எங்கே தொடங்குவது?

ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். மேலே உள்ள கல் தூணை நாலு மூலகமாக, தலா 5 மீற்றராக, பிரியுங்கள். ஒவ்வொரு மூலகத்தின் நிறையையும் இரண்டு கணுவுக்கும் பாதி பாதியாகக் கொடுங்கள், ஐந்து கணுவுக்கும் சமநிலை எழுதுங்கள், அடிக் கணுவின் இடப்பெயர்ச்சியைப் பூச்சியமாக்குங்கள். அடியிலிருந்து மேலே 385, 275, 165, 55 என்று வந்தால் சரி. மறுதாக்கம் அப்போதும் 440தான்.